மருந்தடித்த பிறகு அசுவினி மூன்று மடங்கானது: எந்தப் பூச்சியைக் கொல்வது, எதை விடுவது?

மாடிச்செடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறேன். மிளகாய், கத்தரி, இரண்டு பூசணிக் கொடி, மீதி பூச்செடிகள். ஆறு வாரத்துக்கு முன்னால் மிளகாய்ச் செடியில் கொழுந்து சுருண்டுகொண்டே போனது. இலையைத் திருப்பிப் பார்த்தால் பச்சையும் கறுப்புமாக, சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது, தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. பயந்துபோய்ப் பூச்சிமருந்து வாங்கி வந்து எல்லாத் தொட்டிக்கும் அடித்துவிட்டேன், பூத்து நின்ற பூசணிக் கொடி உட்பட. மூன்று நாளைக்கு ஒரு பூச்சி கண்ணில் படவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் அசுவினி திரும்பி வந்துவிட்டது. முன்பு நாலு செடியில் இருந்தது இப்போது பன்னிரண்டு செடியில் இருக்கிறது. பூசணியில் பிஞ்சு தெரிகிறது, கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. முன்பெல்லாம் காலையில் மாடிக்குப் போனால் ஏதாவது ஒன்று ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். இப்போது சத்தமே இல்லை, அதுதான் என்னவோ செய்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். போன வருடம் என் வீட்டுக்காரருக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிலிருந்து பறக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கிற என் பையனோ, "எல்லாப் பூச்சியும் வேணும்மா, கொல்லாதே" என்று மல்லுக்கு நிற்கிறான். "அப்பாவைக் கடித்த கொசுவும் வேணுமா?" என்று கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பூச்சிகளால் மனிதனுக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா? எதை விடுவது, எதைக் கொல்வது என்று எப்படித்தான் முடிவு செய்வது? அப்புறம், ஜன்னல் மேல் சன்ஷேடுக்கு அடியில் ஒரு குளவிக்கூடு வேறு வந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில், கவிழ்த்துப் பிடித்த குடை மாதிரி, அடியில் அறை அறையாக. அதை என்ன செய்யட்டும்?

---

வரப்போரம்:

வணக்கம் சகோதரி. இருபத்தெட்டு வருடம் பயிர்களுக்கு நடுவே பூச்சிகளைப் பார்த்து எண்ணுகிற வேலையில் இருந்தவன் நான். உங்கள் மாடியில் நடந்ததை வயல்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அசுவினிக்கு ஆண் தேவையில்லை. அதாவது, வெயில் காலத்தில் பெண் அசுவினி இணை சேராமலே குட்டி போடும், முட்டைகூட இல்லை, நேராகக் குட்டிதான். பிறக்கிற குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கரு உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் தாயாகிவிடும். நீங்கள் மருந்தடித்தபோது சுருண்ட இலைக்குள் பத்துப் பதினைந்து தப்பித்திருந்தால் போதும், மூன்று வாரத்தில் செடி நிறைந்துவிடும். அதைத் தின்கிற பூச்சிகளுக்கு இந்த வேகம் கிடையாது. பொறிவண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வர மூன்று நாலு வாரம் ஆகும். அதுவும் தின்பதற்கு அசுவினி இருந்தால்தான் அங்கே வந்து முட்டையே வைக்கும். ஆக, நீங்கள் அடித்த மருந்து இரண்டு பக்கத்தையும் கொன்றது, ஆனால் ஒரு பக்கம்தான் சீக்கிரம் எழுந்து வந்தது.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், பையனுக்கும் ஒன்று. இலைக்கு அடியில் தேட வேண்டியது என்னவென்று சொல்கிறேன். பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் புழுவைத்தான் யாருக்கும் தெரிவதில்லை. அரை அங்குலம்கூட இருக்காது, கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, பக்கவாட்டில் முள் முள்ளாக, பார்த்தால் ஒரு குட்டி முதலை செடியில் ஊர்கிற மாதிரி இருக்கும். அவலட்சணமாக இருக்கிறது என்று அதையே நசுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வேதனையாக இருக்கும், ஏனென்றால் அந்தப் புழு வண்டாகும் முன் நூற்றுக்கணக்கான அசுவினியைத் தின்றிருக்கும். இன்னொன்று, கூட்டத்துக்கு நடுவே சில அசுவினி மட்டும் உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில், அசையாமல் இலையோடு ஒட்டியிருக்கும். அதற்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், எள்ளைவிடச் சிறியது, மனிதனைக் கொட்டவே கொட்டாது. அசுவினி உடம்புக்குள் முட்டையை வைத்துவிட்டுப் போகும். முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் உள்ளே வளர்ந்தது வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப் பத்தில் ஒன்று தெரிந்தாலே மருந்தைத் தொடாதீர்கள், அடுத்த இரண்டு வாரத்தில் கணக்கு மாறும்.

இது ஒரு நாட்டளவில் நடந்த கதையும் உண்டு. இந்தோனேசியாவில் நெல்லுக்குப் பூச்சிமருந்தை அரசாங்கமே மானியத்தில் கொடுத்தது. 1970களிலும் 80களிலும் புகையான் என்கிற, நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி பெருகிப் பெருகி வயல் வயலாகக் கருகியது. புகையான் முட்டையைத் தண்டுக்குள் செருகி வைக்கும், அங்கே மருந்து போகாது. மேலே திரிகிற சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும்தான் மருந்தில் செத்தன, முட்டை பொரிந்து வந்த குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. 1986இல் நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளை அங்கே ஒரே உத்தரவில் தடை செய்தார்கள், பிறகு மானியத்தையும் நிறுத்தினார்கள். விளைச்சல் சரியவில்லை. இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் படித்திருந்தால் எத்தனை வயல் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நூறு வருடம் முன்பே கலிபோர்னியாவில் ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரு வெள்ளைச் செதில்பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை மொட்டையாக்கியது. 1888இல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் அதன் சொந்த ஊருக்கே போய், அங்கே அதைத் தின்கிற ஒரு சிவப்புப் பொறிவண்டைக் கப்பலில் அனுப்பினார், மொத்தமே சில நூறு வண்டுகள்தான். ஓரிரு வருடத்தில் தோட்டங்கள் தேறின. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிற்பாடு நடந்தது: 1940களில் அதே தோட்டங்களில் டிடிடி அடித்தார்கள், பொறிவண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பி வந்தது.

சரி, இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். கீழே விழுகிற அசுவினியில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. மிகவும் சுருண்ட கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். தொட்டிகளில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், அசுவினி சுரக்கிற இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பு ஏறும் வழியைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. உரத்தையும் குறையுங்கள், தழைச்சத்து அதிகமானால் கொழுந்து சாறேறி நிற்கும், அசுவினிக்கு அதுதான் விருந்து.

---

நிலைக்கதவு:

வரப்போரம் ஐயா சொல்வது தோட்டத்துக்குச் சரி. வீட்டுக்குள் வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? என் வீட்டு நிலைக்கதவு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் ஆணி அடிக்கலாம் என்று சுத்தியலால் தட்டினேன், கை உள்ளே போய்விட்டது. பெயிண்ட் மட்டும் தோலாக நிற்கிறது, உள்ளே முழுக்க மண். கரையான் ஒழிப்புக்கு ஒரு நிறுவனத்தை அழைத்து இரண்டு முறை பணம் கட்டினேன், வந்தவர்கள் கதவைச் சுற்றி மட்டும் தெளித்துவிட்டுப் போனார்கள், எட்டு மாதத்தில் பக்கத்து அலமாரிக்கு ஏறிவிட்டது. என் அப்பாவின் கையெழுத்து இருந்த பழைய நோட்டுகள் போய்விட்டன, அதை எந்தக் காசுக்குத் திரும்ப வாங்குவேன்? நன்மை தீமை என்று தராசு பிடிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்குக் கரையான் என்றால் எதிரிதான்.

---

வரப்போரம்:

நோட்டுகள் போனதைப் படித்ததும் எனக்கே மனசு கனத்துவிட்டது. வீட்டுக்குள் ஏறிய கரையானுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அதை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் கதவில் அல்ல, மண்ணில். கதவில் இருப்பது இரை தேடி வந்த வேலைக்காரக் கரையான்கள் மட்டும், கூடும் ராணியும் தரைக்கு அடியில் எங்கோ இருக்கும். சுவரை ஒட்டி விரலைவிட மெல்லிய மண் குழாய் ஏறுகிறதா பாருங்கள். கரையானுக்கு உடம்பில் ஈரம் நிற்காது, வெளிக்காற்று பட்டால் வாடிவிடும், அதனால்தான் அந்தக் குழாய்க்குள்ளேயே நடக்கும். ஓர் இடத்தில் இரண்டு அங்குலம் உடைத்துவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள், ஈர மண்ணால் பூசி அடைத்திருந்தால் அந்த வழி இன்னும் ஓடுகிறது. குழாய் எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கிருந்து, கட்டடத்தின் அடிச்சுவரைச் சுற்றி முழுவதும் மண்ணுக்குள் மருந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் இரை வைத்துக் கூட்டுக்குள் அனுப்பும் முறை இருக்கிறது. கசிவு இருந்தால் முதலில் அதை அடையுங்கள், ஈரம் இருக்கிற வரை அது வரும். அடுத்த முறை யாரை அழைத்தாலும் "தரைக்குள் எவ்வளவு ஆழம் போவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. உலகத்தில் சுமார் 3000 வகைக் கரையான் உண்டு. கட்டடத்தைப் பெரிதாகப் பாழாக்குவது அதில் நூறுகூட வராது. மற்றவை காட்டில் விழுந்த மரத்தைத் தின்று மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம் வறண்ட நிலத்தில் கோதுமை வயல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒரு பகுதியில் எறும்பையும் கரையானையும் மருந்து வைத்து நீக்கிவிட்டு, இன்னொரு பகுதியில் அப்படியே விட்டு. விட்ட பகுதியில் 36 விழுக்காடு விளைச்சல் கூடுதல். 2011இல் வெளிவந்த ஆய்வு. அவை தோண்டிய துளை வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. உங்கள் நோட்டைத் தின்றதும் இந்தக் கூட்டத்து உயிர்தான். எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

---

தொட்டிமூடி:

அக்கா, நான் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற வேலை செய்கிறேன். உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு நான் சொல்கிறேன், அவனிடம் இப்படியே சொல்லுங்கள்.

கொசுவில் சுமார் 3500 வகை இருக்கிறது. நோயைச் சுமப்பது அதில் ஒரு சிறு பங்கு, நூறுக்குச் சற்று மேலோ கீழோ. அந்த வகைகளிலும் ஆண் கொசு கடிக்காது, அது பூந்தேனைக் குடித்து வாழும். பெண்ணுக்கும் சாப்பாடு அதுதான், முட்டை முதிர்வதற்குத்தான் ரத்தம். ஆனால் அந்தச் சிறு பங்கு செய்கிற நாசத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2022இல் மட்டும் மலேரியாவில் இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். மனிதனை இவ்வளவு கொல்கிற பூச்சி வேறில்லை. இது கொசுவால் வருகிறது என்பதே 1897இல் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்த பிறகுதான் உறுதியானது. அதற்கு முன் வெகுகாலம் கெட்ட காற்று என்றுதான் நினைத்தார்கள்.

டெங்குக் கொசு வேறு ஆள். அதற்குச் சாக்கடை வேண்டாம், நம் வீட்டுச் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். பகலில் கடிக்கும், காலையிலும் மாலைக்கு முன்னும் அதிகம். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றும், அதனால் அது எங்கிருந்தோ வருவதில்லை, உங்கள் வீடு அல்லது பக்கத்து வீடு. நான் போகிற வீடுகளில் எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார்கள், அது மூடித்தான் இருக்கும். நான் ஃப்ரிட்ஜைத் திருப்பச் சொல்வேன். பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கிறதே, வருடக்கணக்கில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டார்ச் அடித்தால் தண்ணீரின் மேல்மட்டத்தில் சின்னச் சின்ன நூல்துண்டு மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். வால் பக்கம் ஒரு குழாய், அதில்தான் மூச்சு. அதனால் திரும்ப மேலே வந்தே ஆக வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு நாள் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வது அதனால்தான். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, பிளாஸ்டிக் ஷீட்டின் மடிப்பு, தூக்கிப் போட்ட டயர், உங்கள் மாடியில் இதெல்லாம் உண்டா பாருங்கள். வெறுமனே கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும்.

புகை அடிப்பதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பறக்கிற கொசு சாகும். திரைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் இருப்பது தப்பிக்கும், புழுவுக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டில் ஒருவருக்கு டெங்குக் காய்ச்சல் என்றால் அவரையே பகலில் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கிற கொசுதான் எட்டுப் பத்து நாள் கழித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும்.

இப்போது ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, பையனுக்குப் பிடிக்கும். வொல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா, பழ ஈ முதலான எத்தனையோ பூச்சிகளில் இயல்பாகவே இருப்பது. அதை டெங்குக் கொசுவுக்குள் ஏற்றினால் வைரஸ் அதற்குள் சரியாகப் பெருக முடிவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில் அப்படிப்பட்ட கொசுக்களைப் பாதிப் பகுதிகளில் விட்டுப் பார்த்தார்கள், விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது. கொசு இருக்கிறது, கடிக்கவும் செய்கிறது, நோய்தான் வெகுவாகக் குறைகிறது. அதற்காகத் தொட்டியைத் திறந்து போடாதீர்கள்.

---

தேன்பெட்டி:

பூசணிக்கு நான் பதில் சொல்கிறேன். மாடியில் சத்தம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் பிஞ்சு விழுவதற்குக் காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் முதலிலேயே இருக்கும், ஆண் பூ நீளமான மெல்லிய காம்பில் நிற்கும். நீங்கள் பிஞ்சு பிடித்துவிட்டது என்று நினைப்பது பூக்கும்போதே இருக்கிற அந்தக் குட்டிக் காய், மகரந்தம் வராவிட்டால் அது மஞ்சளாகி விழத்தான் செய்யும். மகரந்தம் பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும், காற்றில் பறக்காது, யாராவது சுமந்து போனால்தான் உண்டு. பூ விடியற்காலையில் திறந்து நடுப்பகலுக்குள் மூடிவிடும், அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். குறைவாக வந்தால் காய் ஒரு பக்கம் மட்டும் பருத்துக் கோணலாகும். இப்போதைக்கு நீங்களே தேனீயாகிவிடுங்கள். காலை ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பையனிடம் கொடுங்கள், பிள்ளைகள் பொறுமையாகச் செய்வார்கள்.

கையால் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு வனிலாவைப் பாருங்கள். அதன் தாய்நாடு மெக்சிகோ. ரீயூனியன் தீவில் கொடி நன்றாக வளர்ந்தது, காய்க்கவே இல்லை, ஏனென்றால் மெக்சிகோவில் அதைத் தேடி வருகிற தேனீ அங்கே கிடையாது. 1841இல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன்தான் ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றுவரை வனிலாவை அப்படித்தான் பூப்பூவாகக் கையால் சேர்க்கிறார்கள். மலேசியாவில் எண்ணெய்ப்பனைக்கும் ஆள் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள், 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலையே தேவைப்படாமல் போனது. கொக்கோப் பூவுக்குக் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு குட்டி ஈ வேண்டும், தேனீ அதற்குள் நுழையவே முடியாது. உலகத்தின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நாலில் மூன்று பங்கு ஓரளவுக்காவது இப்படி யாராவது வந்து போவதை நம்பி இருக்கின்றன. நெல்லும் கோதுமையும் தப்பிக்கும், பழம், காய், எண்ணெய்வித்து இவற்றில் பலவும் தப்பிக்காது.

மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பூத்திருக்கும் செடியில் வேண்டாம், காலையில் வேண்டவே வேண்டாம். சூரியன் இறங்கி, தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பாதித்த செடிக்கு மட்டும் அடியுங்கள். ஒரு வேலைக்காரத் தேனீ வாழ்நாள் முழுக்கச் சேர்க்கிற தேன் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், வேலை மிகுந்த காலத்தில் ஆறு வாரம்தான் அதன் ஆயுள். பெட்டி வாசலில் விஷம் தின்று நாக்கு நீட்டிச் செத்துக் கிடப்பதை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், இரண்டு கை நிறைய. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கொட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும், பிரிந்த பிறகும் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் வழித்தாலும் பிடுங்கினாலும் சரி, உடனே எடுப்பதுதான் முக்கியம். எடுத்ததும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள், கொட்டிய இடத்து வாசனை மற்ற தேனீக்களை அழைக்கும். வீக்கமும் வலியும் மட்டும் என்றால் பயமில்லை. மூச்சு இறுக்கம், உதடு முகம் வீங்குவது, தலைசுற்றல், உடம்பு முழுக்கத் தடிப்பு, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அட்ரினலின் ஊசி நிமிடக் கணக்கில் தேவைப்படும்.

உங்கள் ஜன்னல் குளவியும் சும்மா இல்லை. மரத்தை மென்று கூழாக்கித் தாள் செய்து கூடு கட்டுகிற வகை அது. இதைக் கவனித்து, மரத்திலிருந்தும் தாள் செய்யலாமே என்று 1719இலேயே பிரான்சில் ரியாமுர் என்ற அறிஞர் எழுதினார், அப்போது தாளைக் கந்தல் துணியில்தான் செய்துகொண்டிருந்தார்கள். அது தன் புழுக்களுக்குக் கொடுப்பது உங்கள் கத்தரிச் செடியின் இலை தின்னும் புழுக்களை. யார் கையும் தலையும் படாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் சில மாதத்தில் காலியாகும். ஜன்னலைத் திறந்து மூடும்போது இடிக்கிற இடம் என்றாலோ, வீட்டில் யாருக்காவது கொட்டினால் ஒவ்வாமை என்றாலோ அனுபவமுள்ள ஆளை வைத்து அகற்றிவிடுங்கள். தேனீ ஒரு முறைதான் கொட்டும், குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

---

இரவுப்பணி:

நான் காயம் கட்டும் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். ஒரே குடும்பத்து இரண்டு ஈக்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலாம் உலகப் போரில் இரண்டு சிப்பாய்கள் தொடையெலும்பு முறிந்து ஏழு நாள் களத்திலேயே கிடந்தார்கள். வில்லியம் பேயர் என்ற மருத்துவர் உடையை விலக்கிப் பார்த்தபோது காயம் முழுக்கப் புழு. அருவருப்போடு கழுவிப் பார்த்தால் உள்ளே அழுகல் இல்லை, சுத்தமான இளஞ்சிவப்புத் தசை. பிற்பாடு அவரே ஆறாத எலும்புப் புண்களுக்குப் புழுவை வைத்துச் சிகிச்சை செய்தார். ஆன்டிபயாடிக் வந்ததும் மறந்துபோனது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் வந்ததும் திரும்ப நினைவுக்கு வந்தது. 2004இல் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாகவே அனுமதித்தார்கள். ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்த்த ஒரு பச்சை ஈயின் புழு அது, செத்த தசையைக் கரைத்துக் குடிக்கும், உயிருள்ளதை விட்டுவிடும். வீட்டுக் காயத்தில் ஈ மொய்த்தால் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஆபத்து.

அதே குடும்பத்தில் அமெரிக்கக் கண்டத்து ஈ ஒன்று நேர் எதிர். அதன் புழு உயிருள்ள சதையைத்தான் தின்னும். ஆடு மாடு, சில சமயம் மனிதனையும். ஒரு சின்னச் சிராய்ப்பு போதும். எட்வர்டு நிப்லிங் என்ற பூச்சியியலாளர் கவனித்தது, இதன் பெண் ஈ வாழ்நாளில் ஒரு முறைதான் இணை சேரும் என்பது. அப்படியானால் கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கூட்டம் கூட்டமாக விட்டால் முட்டை பொரியாதே! 1954இல் குராசவ் தீவில் செய்து பார்த்தார்கள், சில மாதத்தில் அந்த ஈயே அங்கே இல்லாமல் போனது. பிறகு வட அமெரிக்கா முழுவதிலும் பனாமா வரை துரத்தினார்கள். ஊர் முழுக்க விஷம் தெளிக்காமல், மற்ற பூச்சிகளுக்குக் கேடில்லாமல். 2023 முதல் அது மறுபடி வடக்கே ஏறத் தொடங்கியிருக்கிறது, அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இன்னொன்று, தோலுக்கு. எறும்பு மாதிரி மெல்லியதாக, ஆரஞ்சும் கறுப்பும் பட்டை பட்டையாக ஒரு வண்டு இரவில் விளக்கைத் தேடி வரும். கழுத்தில் ஊர்ந்தால் அடித்து நசுக்காதீர்கள். அது கடிக்காது, கொட்டாது, ஆனால் உடம்பு நசுங்கினால் வெளிவரும் திரவம் பட்ட இடம் மறுநாள் தீப்பட்ட மாதிரி கொப்பளிக்கும். ஊதிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு தாளில் ஏறவிட்டு வெளியே தட்டிவிடுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

---

நிலைக்கதவு:

வரப்போரம் ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். குளியலறைச் சுவருக்குப் பின்னால், தரையிலிருந்து முக்கால் ஆள் உயரத்துக்கு மண் குழாய். உடைத்துவிட்டு வந்தேன், மறுநாள் மதியத்துக்குள் அடைத்துவிட்டது. உள்ளே பைப் கசிவும் இருக்கிறது. இரண்டு வருடமாக எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நன்றி.

---

மாடிச்செடி:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோர் பதிலையும் பையனுக்குப் படித்துக் காட்டினேன், முதலைப்புழு வந்ததும் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னான்.

தொட்டிமூடி தம்பி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தேன். இருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன், திரும்பி வந்தும் அந்தத் தட்டு அங்கேயேதான் இருந்திருக்கிறது. தேய்த்துக் கழுவிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடியில் தட்டுகளைக் கவிழ்ப்பது பையன் பொறுப்பு, இரண்டு வாரமாகத் தவறவில்லை. தண்ணீரைக் கொட்டும் முன் உள்ளே நெளிகிறதா என்று அவனே பார்க்கிறான், நெளிந்தால் "இது கூடாது" என்று அவனாகவே சொல்லிவிட்டு வெயிலில் கொட்டுகிறான்.

அசுவினி இன்னும் இருக்கிறது, ஆனால் ஏழு செடியில்தான். எறும்பு ஏறும் தொட்டிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாம் என்று நினைத்தேன், அதில் கொசு வரும் என்று உடனே தோன்றியதால் பிசின் தடவிய பட்டை சுற்றியிருக்கிறேன். நேற்று பூதக்கண்ணாடியில் ஒரு மிளகாய் இலையைப் பார்த்தோம். வைக்கோல் நிறத்தில் உப்பியது பதினொன்று. அதில் நாலுக்கு முதுகில் ஓட்டை, ஊசியால் வட்டமாக வெட்டிய மாதிரி அவ்வளவு சுத்தமாக. ஐந்தாவதில் ஓட்டை பாதிதான் இருந்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான், கடைசியில் மூடி மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து இரண்டு மீசை வெளியே வந்தது.

பூசணியில் அவன் கையால் தடவிய ஆறு பெண் பூவில் இரண்டு நின்றிருக்கிறது, ஒன்று இப்போது என் உள்ளங்கை அளவு. குளவிக்கூட்டை விட்டுவிட்டோம், எட்டாத உயரம்தான்.

ஒரு சந்தேகம் மட்டும், தேன்பெட்டி அண்ணா. இன்றைக்குக் காலையில் பூசணிப் பூவுக்குள் ஒன்று வந்து போனது. தேனீ மாதிரிதான், ஆனால் பச்சையாகப் பளபளத்தது, தனியாகத்தான் வந்தது. தேனீயில் அப்படியும் உண்டா?

---

தேன்பெட்டி:

உண்டு அம்மா. தேனீயில் 20,000 வகைக்கும் மேல் இருக்கிறது, கூட்டமாகக் கூடு கட்டித் தேன் சேர்ப்பது அதில் கொஞ்சம்தான். மற்றவை பெரும்பாலும் தனியாக வாழ்பவை, மண்ணில் துளையிட்டோ காய்ந்த தண்டுக்குள்ளோ முட்டை வைக்கும், சீண்டாமல் கொட்டுவதும் அபூர்வம். ஒரு தொட்டியில் செடி வைக்காமல் மண்ணை அப்படியே கிளறாமல் விடுங்கள், நாலைந்து காய்ந்த தண்டுகளையும் வெட்டாமல் நிறுத்தி வையுங்கள். நாளைக்கும் அதே நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.